‘கிரிப்டோனைட்’ சுரங்கத்தில் பிறந்த சொல் அன்று

ஒருவரை வீழ்த்தக்கூடிய பலவீனத்தைக் குறிக்க ஆங்கிலப் பேச்சில் வழங்கும் ‘கிரிப்டோனைட்’ என்னும் சொல், செர்பியாவில் கிடைத்த ஒரு கனிமத்தின் பெயரிலிருந்து வந்தது என்ற செய்தி பகிரப்பட்டு வருகிறது. இது தவறு.

அச்சொல் சூப்பர்மேன் கதைக்காகவே புனையப்பட்டது. 1943ஆம் ஆண்டில் அமெரிக்க வானொலித் தொடரில் முதலில் ஒலித்த அது, 1949இல்தான் சித்திரக்கதைக்குள் நுழைந்தது. நாயகன் பிறந்த கிரிப்டான் கோளின் சிதறலான கிரிப்டோனைட்டே அவனுடைய வலிமையைப் பறிக்கும் என்ற கற்பனை, பின்னாளில் பேச்சுவழக்கில் உவமையாக நிலைத்தது. கதை எழுதியவர்களுக்குரிய இந்தப் பெருமையைச் சுரங்கத்துக்குக் கொடுப்பது நியாயமன்று.

செர்பியக் கனிமத்தின் பெயர் ஜடாரைட். 2006இல் வெளியான சூப்பர்மேன் திரைப்படத்தில் கிரிப்டோனைட் இருந்த பெட்டியின் மேல் எழுதப்பட்டிருந்த வேதிப்பெயரோடு அதன் சேர்மானம் ஏறத்தாழ ஒத்திருப்பது 2007இல் தெரியவந்தபோது, கிரிப்டோனைட்டே கிடைத்துவிட்டதாக நாளேடுகள் எழுதின. குழப்பம் அங்கிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். உண்மையில் ஜடாரைட் வெண்ணிறமானது; படத்தில் குறிப்பிட்ட ஃபுளூரின் அதில் இல்லை. வேதியியலாளர்கள் ராம்சேயும் டிராவர்ஸும் 1898இல் கண்டறிந்த கிரிப்டான் வாயுவும் அதில் இல்லை.