ஒரு மனுவுக்கு ஒரு குறை

கடலூர் ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்தும் பதில் வரவில்லை என்று மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் புலம்புவதாக ஒரு கட்டுரை சொல்கிறது. பாதி காரணம் மனுவிலேயே இருக்கும். உதவித்தொகை நின்றது, சக்கர நாற்காலி வரவில்லை, பள்ளியில் சாய்தளம் இல்லை என்று மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், முதல் வரிக்குரிய துறைக்கு மட்டும் அனுப்பிவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுவார்கள். மூன்று மனுவாகவே எழுதுங்கள்.

உதவித்தொகை மனு என்றால் மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) நகல், வங்கிப் புத்தகத்தில் கடைசியாகப் பணம் ஏறிய பக்கம், இரண்டும் கட்டாயம். "சில மாதமாக வரவில்லை" என்று எழுதாதீர்கள், எந்த மாதத்திலிருந்து என்று எழுதுங்கள். மனு எண் இல்லாமல் வீடு திரும்பாதீர்கள். "தகுதி இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தால், எந்த விதிப்படி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்; பதில் தர அவர்களுக்கு 30 நாள் கெடு.

இன்னொன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவைக் காட்டி மனு எழுதித் தருகிறார்கள் (கணினி மையக்காரர்கள் வேலை!). அது அரசுப் பணியில் பாகுபாடு பற்றிய புகாருக்கு. பிள்ளையின் உரிமை மறுக்கப்பட்டால் 80ஆம் பிரிவின்கீழ் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகலாம். அவர் பரிந்துரைத்தால், துறை 3 மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும்.