வேகத்தைப் போடுகிறவர்கள் விசைப்பலகையையும் சொல்லுங்கள்

இணையத்தில் தட்டச்சு வேகப் பரீட்சை எழுதி, "நிமிடத்துக்கு 61 சொல்" என்று படம்பிடித்துப் போடும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். எந்த மொழியில், எந்த விசைப்பலகையில் அடித்தீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அது இல்லாத எண் வெறும் சவடால். ஆங்கிலத்தில் 61 அடித்தவரின் படத்தைப் பார்த்துவிட்டு, தமிழில் 28 அடிக்கும் பிள்ளை தன்னை மந்தம் என்று எண்ணிக்கொள்கிறாள். யாழ்ப்பாணத்தில் தமிழ் அடித்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு.

முதலில் அளவுகோலைப் பாருங்கள். ஆங்கிலப் பரீட்சையில் "சொல்" என்று எண்ணப்படுவது பெரும்பாலும் உண்மையான சொல் அல்ல. இடைவெளியையும் சேர்த்து ஐந்து விசைத்தட்டு ஒரு சொல். ஆங்கிலத்துக்கு அது ஓரளவு ஒத்துவருகிறது. நாங்கள் நாளாந்தம் அடிக்கும் "போய்க்கொண்டிருக்கிறார்கள்" என்பதை அதே தராசில் வையுங்கள். இடைவெளியை வைத்து எண்ணும் தளத்துக்கு இது ஒரே சொல். கண்ணுக்குத் தெரிகிற எழுத்துகளை எண்ணினால் 13. ஐந்தால் வகுத்தால் இரண்டரைச் சொல்லுக்குச் சற்று மேல். கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோட் குறிகளை எண்ணும் தளத்துக்குப் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி என்பதால் 25 குறி, அதாவது ஐந்து சொல். அடித்தவர் ஒருவர், அடித்தது ஒன்று. சொல் எண்ணிக்கை மட்டும் ஒன்றா, இரண்டரையா, ஐந்தா என்று தளத்துக்குத் தளம் மாறுகிறது. இதை வைத்துக்கொண்டா நண்பர்களுக்குள் போட்டி?

விசைப்பலகைக்கு வருவோம். எங்கள் பக்கத்து அச்சகங்களிலும் கணினிக் கடைகளிலும் பழகியவர்களுக்குப் பாமினி என்ற விசைப்பலகை கையோடு ஊறியது. தமிழ் என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று விரல் தானாகப் போகும். அந்த அரைப்புள்ளிதான் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி; அது வலது சுண்டுவிரலின் தலையில் விழுகிறது. மேலே சொன்ன ஒரே சொல்லுக்குள் சுண்டுவிரல் ஆறு தடவை இறங்க வேண்டும். கொ என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் புள்ளி இடது சுட்டுவிரலுக்கு வந்துவிடுகிறது. க-வை இருமுறை அடித்தால் முதல் க-வுக்குப் புள்ளி தானே விழும். ண-வை அடுத்து ட அடித்தாலும் அப்படியே. அதே சொல்லுக்குப் புள்ளி விசையை மூன்று தடவை தொட்டால் போதும். தமிழை ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிப்பவருக்கோ கணக்கு இன்னும் வேறு. பாமினிக்காரரையும் தமிழ்99காரரையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக வைப்பது, சைக்கிளில் வந்தவரையும் மோட்டார் சைக்கிளில் வந்தவரையும் யாருடைய கால் வலுவானது என்று கேட்பதற்குச் சமம்.

தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா 1886இல் சுண்டிக்குளியில் பிறந்தவர். 247 எழுத்தை ஒரு சிறிய பொறிக்குள் அடக்கும் தலையிடியை எங்கள் ஊரில் பிறந்த ஒருவர் அந்தக் காலத்திலேயே தலையில் போட்டுக்கொண்டார். அதை நினைத்தாவது தமிழ் வேகத்தைத் தமிழுக்குரிய கணக்கில் அளக்கப் பழகலாம்.

தட்டச்சுப் போட்டி ஒன்றும் புதிதல்ல. 1888இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் நடந்த போட்டியில் ஃபிராங்க் மெக்கரின் விசைகளைப் பார்க்காமல் அடித்து வென்றார். எதிராளியின் பொறியில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் தனித்தனி விசைகள். மனிதரோடு பொறியும் போட்டியிடுகிறது என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

2018இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகமும் கேம்பிரிட்ஜும் சேர்ந்து 1,68,000 பேரின் ஆங்கிலத் தட்டச்சை ஆராய்ந்து வெளியிட்டார்கள். சராசரி நிமிடத்துக்கு 52 சொல். எனக்குப் பிடித்தது அந்த எண் அல்ல. வேகமாக அடிப்பவர்கள் பிழையும் குறைவாகவே விடுகிறார்கள் என்ற முடிவுதான். "வேகமாக அடித்தால் பிழை வரத்தானே செய்யும்" என்று சாக்குச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிழை என்றதும் எங்கள் தொழிலின் உண்மையான பரீட்சைக்கு வருகிறேன்: அந்தியேட்டிக் கல்வெட்டு, அதாவது இறந்தவருக்கான 31ஆம் நாள் சடங்கில் கொடுக்கும் நினைவுப் புத்தகம். அந்த நாளுக்குள் அச்சாகி வீட்டுக்குப் போயாக வேண்டும். கையெழுத்தில் வந்த தாள்களில் பாதி வெட்டும் திருத்தமும். மருமக்கள், பேரர், பூட்டர் என்று பெயர் வரிசை. பெயருக்குப் பக்கத்தில் கனடா, லண்டன், சுவிஸ் என்று அடைப்புக்குறி. மூத்தவர் தன் பெயரை "இரத்தினம்" என்று முடிப்பார், இளையவர் "ரட்ணம்" என்று முடிப்பார். இரண்டும் அப்படியே வர வேண்டும். எந்தப் பிழைதிருத்தியும் இதில் உதவாது. பரீட்சைத் தளங்களில் 98 வீதத் துல்லியம் என்றால் பச்சை நிறத்தில் பாராட்டு வரும். 1,500 விசைத்தட்டு உள்ள ஒரு பக்கத்தில் 98 வீதம் என்றால் 30 பிழை. அதில் ஒன்று சின்ன மருமகனின் பெயரில் விழுந்தால் போதும், அந்த வீட்டில் அடுத்த திவசம் வரை கதை ஓடும்.

இன்னொன்று: பின்னழி விசையால் திருத்திய பிழையைச் சில தளங்கள் துல்லியத்தில் கழிக்கின்றன, சில கண்டுகொள்வதே இல்லை. இதையும் பார்க்காமல் துல்லியத்தை ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

உங்களை நீங்களே அளப்பதென்றால் நல்லதுதான், நானும் செய்கிறேன். ஒரே பந்தி, ஒரே விசைப்பலகை, சொல்லுக்குப் பதிலாக எழுத்தை எண்ணுங்கள். ஒரு நிமிடப் பரீட்சை ஓட்டப்பந்தயம் மட்டுமே. பத்து நிமிடம் அடித்துப் பாருங்கள், சுண்டுவிரல் உண்மையைச் சொல்லும்.

வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்த் தட்டச்சு வேலைக்கு வந்த பிள்ளைக்கு ஆங்கிலப் பந்தியைக் கொடுத்து நிமிடக் கணக்குப் பார்த்து அனுப்பிவிட்ட இடம் ஒன்று எனக்குத் தெரியும். எங்கள் கடைக்கு யாராவது வேலை கேட்டு வந்தால் நான் கொடுப்பது கையெழுத்தில் உள்ள இரண்டு பக்கப் பெயர் வரிசை. அடித்ததை அவரே ஒருமுறை வாசித்துத் திருத்திய பிறகு நான் மூலத்தோடு ஒப்பிடுகிறேன். பெயர்கள் சரியாக இருந்தால்தான் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று கேட்கிறேன்.