ஆள் இல்லாததால் அல்ல, ஆள் இருப்பதால்

பசிபிக் கடலில், மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவுக்குச் சொந்தமான கோகோஸ் தீவைச் சுற்றிச் சுறாக்கள் கூட்டமாகத் திரிவதற்கு ஆள் நடமாட்டம் இல்லாததே காரணம் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரை சொல்கிறது. காசிமேட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் சார். கோஸ்டா ரிகா கரையிலிருந்து சுமார் 550 கிலோமீட்டர்தான். ஆயிரங்கால் தூண்டில் (ஒரே நீளக் கயிற்றில் ஏராளமான தூண்டில்முள் கட்டியது) போடும் படகுக்கு அது ஒரு தூரமா? வனக்காவலர்கள் தீவிலேயே தங்கி, ரோந்து போய், திருட்டுத் தூண்டில்களை இழுத்துப் பறிமுதல் செய்கிறார்கள். அதனால்தான் மிச்சம் இருக்கிறது.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. கொம்பன் சுறா (சுத்தியல் தலைச் சுறா) பகலில் தீவை ஒட்டிச் சுற்றும். சின்ன மீன்கள் அதன் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். இரவில் கணவாய் தேடி ஆழ்கடலுக்குப் போய்விடும். குட்டி போட மட்டும் கரையோர ஆழமில்லாத தண்ணீருக்கு வரும். கோஸ்டா ரிகாவில் கோல்ஃபோ துல்சே வளைகுடா அப்படிப்பட்ட இடம். தீவை மட்டும் காவல் காத்து என்ன பயன்?

நம்மூர் ஏலத்திலும் முழ நீளக் கொம்பன் குட்டிகளைப் பார்க்கலாம். பீலி (சுறாத் துடுப்பு) ஏற்றுமதிக்கு 2015-லேயே தடை வந்துவிட்டது, ஆனால் குட்டி பீலிக்காகப் பிடிபடுவதில்லையே. இழுவலையில் மற்ற மீனோடு சேர்ந்து வருகிறது, கருவாடாகவோ புட்டாகவோ போகிறது. (பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து தருவதை நான் குறை சொல்லவில்லை, அது வேறு சுறா.) ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு நிற்கிறது. மற்ற மாதங்களில் குட்டிகள் எங்கே மேய்கின்றன, அந்த இடத்தில் மட்டும் வலையை ஒதுக்க முடியுமா? இதைக் கடலோடிகளிடம் கேட்டு எழுதுங்கள்.