பூட்டை வாங்காத சோளம்

போன வாரம் எங்கள் அத்தை வீட்டுக் கறவை மாடு செத்துப்போனது. வறட்சியில் கருகிக் கிடந்த சோளக்காட்டில் ஒரு மழை விழுந்ததும், அறுத்த கட்டையெல்லாம் முழங்கால் உயரத்துக்குத் தழைத்திருந்தது. பச்சையைக் கண்ட மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வாயில் நுரை, மேல்மூச்சு, கால் உதறல். முடிந்தது. பாம்பு தீண்டியிருக்கும் என்றார்கள் பாதிப் பேர். கண்ணேறு என்றார்கள் மீதிப் பேர்.

இரண்டும் இல்லை, சயனைடு. சோள இலையில் துரின் என்றொரு பொருள் இருக்கிறது. அதை உடைக்கும் நொதியும் அதே இலையில்தான் இருக்கிறது, ஆனால் வேறு செல்களில். மாடு மெல்லும்போது இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. அசைபோடும் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களும் தம் பங்குக்கு துரினை உடைக்கின்றன. அதன் பிறகு ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாது. மாட்டை அறுத்துப் பார்த்தபோது ரத்தம் செக்கச்செவேல் என்று இருந்தது. செல்கள் தொடாமல் விட்ட ஆக்சிஜனின் நிறம் அது.

பூட்டை வாங்காத சோளத்தில், அதாவது கதிர் தள்ளாத சோளத்தில், மாட்டை விடாதே என்று தாத்தா கத்துவார். துரின் இளங்குருத்தில்தான் அதிகம். வாடிய பயிரிலும் மறுதழைவிலும் இன்னும் கூடும், யூரியாவை அள்ளிப் போட்டாலும் கூடும். அதே சோளம் முற்றி, நன்றாகக் காய்ந்து, சோளத்தட்டாகப் போரில் அடுக்கப்பட்டால் நஞ்சின் பெரும்பகுதி ஆவியாகிவிடும். கோடை முழுக்கத் தட்டு தின்ற மாடுகளுக்கு ஒன்றும் ஆகாததற்கு அதுதான் காரணம்.

எனக்குக் கோபம் விதைப் பையின் மேல்தான். எத்தனை அறுப்பு, எத்தனை டன் என்றெல்லாம் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முதல் அறுப்புக்கு முன் மேயவிடாதீர்கள், வறட்சிக்குப் பின் தழைத்ததைத் தொடவிடாதீர்கள் என்று இரண்டு வரி போட இடமில்லையா? தாத்தா இருந்தவரை அந்த வரி தேவைப்படவில்லை. இப்போது மாடு வளர்க்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் தாத்தா இருக்கிறார்?

மருந்தும் அபூர்வமானதில்லை. பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் ஹைப்போ என்று கரைத்து வைத்திருப்பார்களே, அந்தச் சோடியம் தயோசல்பேட்தான். உடனே நரம்பில் ஏற்றினால் சயனைடு வேறொரு பொருளாக மாறிச் சிறுநீரில் போய்விடும். அன்றைக்கு நாங்கள் ஓடிய இடத்தில் அது இருப்பில் இல்லை.

மிச்சச் சோளத்தை அறுத்து வரப்பில் காயப்போட்டிருக்கிறார் அத்தை. கன்றுக்குட்டியின் கயிற்றைப் பாதியாகக் குறுக்கிக் கட்டியிருக்கிறார்.