அறிவிப்பு வந்துச்சு, தேதி போயிடுச்சு

போன வருஷம் தம்பிக்கு அட்மிஷன் பாத்துக்கிட்டு இருந்தப்ப, ஒரு காலேஜோட பேஜை லைக் பண்ணி வச்சுட்டு தினமும் ஃபேஸ்புக்கைத் திறந்து திறந்து பாத்தேன். கடைசி தேதி முடிஞ்சு 3 நாள் கழிச்சுதான் அந்த அறிவிப்பு என் டைம்லைன்ல வந்துச்சு, ஆனா அவங்க வெப்சைட்ல 2 வாரமா கெடந்திருக்கு. தம்பி ஒண்ணும் சொல்லல. சாப்பிடாம போய் படுத்துட்டான்.

அன்னிக்கு ராத்திரிதான் பழைய ஃபீட் ரீடரை மறுபடி போன்ல போட்டேன். ஆர்எஸ்எஸ் ஃபீட்னு சொல்வாங்க, அந்த அமைப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, பேரு மட்டும்தான் ஒண்ணு. 1999-ல நெட்ஸ்கேப்ங்கிற பிரவுசர் கம்பெனில உருவானது, அதுக்குக் காரணமானவங்கள்ல ஒருத்தர் ராமநாதன் குஹா, நம்ம சென்னை ஐஐடில படிச்சவர். விஷயம் ரொம்ப சிம்பிள். வெப்சைட்ல ஒரு சின்ன ஃபைல் இருக்கும், புதுசா எது போட்டாலும் அதோட தலைப்பு, லிங்க், தேதி எல்லாம் அந்த ஃபைல்ல ஏறிடும், நம்ம ரீடர் ஆப் அப்பப்ப போய் எட்டிப் பாத்துட்டு புதுசு இருந்தா எடுத்துட்டு வந்துரும். ஈமெயில் குடுக்க வேணாம், போன் நம்பர் குடுக்க வேணாம். நமக்கு எதைக் காட்டணும், எதை மறைக்கணும்னு நடுவுல உக்காந்து முடிவு பண்ண யாரும் இல்ல.

2004 வாக்குல தமிழ்மணம்ங்கிற சைட் வந்தப்ப அத்தனை தமிழ் வலைப்பதிவையும் ஒரே பக்கத்துல கொண்டாந்து சேத்தது இந்த ஃபீட்தான். 2013 ஜூலை 1-ஆம் தேதி கூகுள் ரீடரை மூடினதும் ஃபீடே செத்துப்போச்சுன்னு நிறைய பேர் நெனச்சுட்டாங்க. சாகலங்க. நீங்க கேக்குற பாட்காஸ்ட்ல முக்காவாசி இன்னிக்கும் இதுலதான் ஓடுது. வேர்ட்பிரஸ்ல செஞ்ச சைட்டா இருந்தா முகவரிக்குப் பின்னாடி ஒரு சாய்கோடு போட்டு ஃபீட்னு இங்கிலீஷ்ல அடிச்சுப் பாருங்க, பெரும்பாலும் வந்துரும். ஃபீட்லி, இனோரீடர் மாதிரி ஆப்ல சைட் முகவரியை அப்படியே போட்டாலே அதுவே தேடி எடுத்துக்கும். 100 சைட்டை ஒரேயடியா சேத்துடாதீங்க, படிக்காதது குவிஞ்சு வெறுத்துப் போயிடும். நான் 20-ஓட நிறுத்திக்கிட்டேன், காலைல டீ குடிக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் பாத்து முடிச்சிடுறேன். முடிஞ்சுடுது பாருங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, டைம்லைன் என்னிக்காவது முடிஞ்சிருக்கா?

கோவம் எல்லாம் ஃபீடே வைக்காத சைட்டுங்க மேலதான். ஒரு பிடிஎஃப்பைப் போட்டு பக்கத்துல ‘நியூ’ன்னு மினுக்குற படத்தை ஒட்டிட்டா பசங்க தினமும் வந்து பாத்துக்கிட்டே இருக்கணுமா? கிராமத்துல டவர் கெடைக்காம மொட்டைமாடில நின்னு பாக்குற பையனுக்கு அந்த சைட் லோட் ஆகவே 5 நிமிஷம் ஆகும். ஃபீட் வெறும் எழுத்து, பட்டுனு வந்துரும். அந்த காலேஜுக்கு இதைக் கேட்டு ரெண்டு தடவை மெயில் போட்டுட்டேன், பதில் இல்ல, இந்த வாரம் மறுபடி போடப் போறேன்.

தம்பி இப்ப வேற காலேஜ்ல சேந்துட்டான். அவன் போன்லயும் ரீடர் போட்டுக் குடுத்திருக்கேன். நேத்து ராத்திரி அவனே வந்து ஒரு ஸ்காலர்ஷிப் அறிவிப்பைக் காட்டுனான், கடைசி தேதிக்கு இன்னும் 11 நாள் இருக்கு.