ஒரு சிறகையாவது விட்டு வையுங்கள்

போன மாதம் மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், சாலையோரக் கடை ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். நான், என் மச்சான், அவருடைய பழைய தோட்டத்துக் கூட்டாளிகள் இரண்டு பேர். காதுகுத்து வீட்டில் சைவச் சாப்பாடு, அதனால் மச்சானுக்கு வாய் நமநமவென்று இருந்திருக்கிறது. "இங்க காடை நல்லா இருக்கும்" என்று அவர்தான் ஆர்டர் கொடுத்தார். மிளகு தூக்கலாகப் போட்டு, கறிவேப்பிலையோடு மொறுமொறுவென்று பொரித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பாதி தின்ற பிறகுதான் காலைக் கவனித்தேன். தொடைக்குக் கீழே எலும்பு நீண்டுகொண்டே போகிறது. பண்ணைக் காடைக்கு ஏது அவ்வளவு நீளக் கால்? விரல்களை வெட்டி எடுத்திருந்தார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. "தம்பி, இது ருவாக்-ருவாக்தானே?" என்றேன். கடைக்காரத் தம்பி சிரித்தார். "சாப்பிடுங்கண்ணே, சூடு ஆறிடும்."

ஆறவிடாமல் தின்று முடித்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதற்குமேல் நான் எழுதப்போவதை எல்லாம் அதையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

ருவாக்-ருவாக் என்றால் பினாங்கின் இந்த செபராங் பிறைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முகமும் நெஞ்சும் வெள்ளை, முதுகு கரும்சாம்பல், வாலுக்கு அடியில் செங்கல் நிறம். வாய்க்கால் ஓரம் வாலை ஆட்டி ஆட்டி நடந்துகொண்டே இருக்கும், ஆள் வந்தால் புல்லுக்குள் ஓடிவிடும். மழைக்காலத்தில் விடிய விடியக் கத்தி நம் தூக்கத்தைக் கெடுக்கும். அந்தச் சத்தம்தான் மலாயில் அதற்குப் பெயராகவே நின்றுவிட்டது. தமிழில் கானாங்கோழி. என் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியாது. எனக்கே அப்பா சொல்லித்தான் தெரியும்.

அப்பா ஒன்றும் இயற்கை ஆர்வலர் இல்லை. ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்துவிட்டு வந்து, மத்தியானம் லாஸ்டிக்கை, அதாவது உண்டிவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். களிமண் உருண்டை பிடித்து வெயிலில் காயவைப்பது எங்கள் வேலை. புறா, கானாங்கோழி, சில நாள் உடும்பு. எந்த விதியும் கிடையாது, எந்த லைசென்சும் கிடையாது. இதை நினைத்து இன்று யாராவது "அந்தக் காலத்தில் மக்கள் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள்" என்று எழுதினால் எனக்குச் சிரிப்புதான் வரும். கண்ணில் பட்டதை எல்லாம் அடித்தோம். ஆனால் பத்து உருண்டை விட்டால் ஒன்பது தவறும். பறவை பிழைத்ததற்குக் காரணம் எங்கள் நல்ல மனசு இல்லை, எங்கள் மோசமான குறி.

வலை தவறாது. அதுதான் இன்றைய விஷயம்.

வயலோரமாக மெல்லிய நைலான் வலையைக் கட்டி, பக்கத்தில் ஒரு புளூடூத் ஸ்பீக்கரை வைத்து, பறவையின் குரலைப் பதிவு செய்து ராத்திரி முழுக்க ஓடவிடுகிறார்கள். விடியற்காலையில் வந்து பழம் பறிப்பதைப்போலப் பறித்துப் போகிறார்கள். இந்தப் பக்கத்து மலாய்க் கிராமங்களில் முன்பு மூங்கில் குழலை ஊதி பூனாய் தானா என்ற புறாவை அழைத்துப் பிடிக்கும் வழக்கம் உண்டு. அது வேறு எந்தப் புறாவும் இல்லை, தமிழ்நாட்டின் மாநிலப் பறவையான மரகதப் புறாதான். மனிதன் எவ்வளவு நேரம் குழல் ஊதுவான்? மூச்சு வாங்கும், கொசு கடிக்கும், வீட்டுக்குப் போய்விடுவான். ஸ்பீக்கருக்கு மூச்சும் வாங்காது, கொசுவும் கடிக்காது.

சரி, இப்போது மெல்பர்ன் கதைக்கு வருகிறேன். என் அக்கா மகன் அங்கே வேலை பார்க்கிறான். காடை விஷயத்தை வாட்ஸ்அப்பில் சொல்லிப் புலம்பினேன். "மாமா, எங்க ஆபீஸ்ல ஒருத்தர் வாத்து வேட்டைக்குப் போறார், அவர் படிக்கிற ரூல்ஸைப் பாருங்க" என்று விக்டோரியா மாநிலத்து வேட்டை விதிகளை அனுப்பிவைத்தான். சும்மா புரட்டலாம் என்று ஆரம்பித்தேன். ராத்திரி ஒரு மணியாகிவிட்டது.

அங்கே வாத்து சுட வேண்டுமென்றால் துப்பாக்கி லைசென்ஸ் மட்டும் போதாது. தனியாக ஒரு தேர்வு எழுத வேண்டும். பறக்கிற பறவையைப் படத்தில் காட்டி, இது என்ன, சுடலாமா கூடாதா என்று கேட்பார்கள். தேறினால்தான் வேட்டை லைசென்ஸ். அதற்குப் பிறகும் எத்தனை சுடலாம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். விமானத்தில் பறந்து பறவைகளை எண்ணுகிறார்கள், நீர்நிலைகளில் தண்ணீர் எப்படி என்று பார்க்கிறார்கள், அப்புறம்தான் கணக்குப் போடுகிறார்கள். 2024இல் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 வாத்து. 2025இல் 9, அதுவும் மார்ச் 19 முதல் ஜூன் 9 வரை, காலை 8 மணிக்கு முன் துப்பாக்கி வெடிக்கக் கூடாது. இரண்டு வகை வாத்துகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டதால் அவற்றை இரண்டு ஆண்டுகளிலும் தொடவே கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். ஈயக் குண்டு கூடாது. சுட்ட பறவையை உடனே தேடி எடுக்க வேண்டும், குறைந்தது நெஞ்சுக்கறியையாவது எடுத்துப் பயன்படுத்த வேண்டும், சும்மா வீசிவிட்டு வரக் கூடாது.

இதையெல்லாம் படித்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். சுட்ட வாத்தை முழுசாக உரிக்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை, அல்லது சமைக்கப் போகும் நேரம்வரை, இறகோடு ஒரு சிறகையாவது உடம்பிலேயே விட்டு வைக்க வேண்டும். அமெரிக்காவிலும் வலசைப் பறவைகளுக்கு இதே விதி உண்டு. தலை அல்லது ஒரு சிறகு, இரண்டில் ஒன்று இறகோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். வழியில் அதிகாரி வண்டியை நிறுத்திப் பார்த்தால், அது என்ன பறவை என்று அந்தச் சிறகு சொல்லிவிடும்.

எவ்வளவு அனுபவப்பட்ட ஆள் எழுதிய விதி இது! திருடனின் கூடையைத் திறந்து பார்த்தவனுக்குத்தான் இப்படித் தோன்றும். உரித்த பறவைக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாவிட்டால் எந்தச் சட்டத்தின் எந்தப் பட்டியலில் போய் அதைத் தேடுவது? என் தட்டில் கிடந்த கானாங்கோழியைக் காடையாக்கியது எண்ணெய்ச் சட்டி இல்லை. இறகைப் பிடுங்கிய கை.

"நம்ம நாட்டில் சட்டமே இல்லை" என்று உடனே ஆரம்பிக்காதீர்கள். இருக்கிறது. தீபகற்ப மலேசியாவுக்கு 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், எண் 716. பழைய 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனிச் சட்டங்கள். பாதுகாக்கப்பட்டவை, முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவை என்று இரண்டு பட்டியல். கானாங்கோழியும் காட்டுக்கோழியும் முதல் பட்டியலில் வருகின்றன. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் லைசென்ஸ் எடுக்காமல் அவற்றைப் பிடிக்க முடியாது. எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில், எந்த முறையில் வேட்டையாடலாம் என்பதற்குத் தனி ஆணை இருக்கிறது. குஞ்சையும் பெண்ணையும் பிடித்தால் தண்டனை கூடுதல். 2022இல் சட்டத்தைத் திருத்தி, பெரிய குற்றங்களுக்கு உச்ச அபராதத்தை 10 லட்சம் வெள்ளியாகவும் (ரிங்கிட்) சிறையை 15 ஆண்டாகவும் உயர்த்தினார்கள். தாளில் பார்த்தால் நாம் ஒன்றும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை.

ஆனால் உரித்து, விரலை வெட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸ்பெட்டிக்குள் வைத்த பிறகு எது பெண், எது குஞ்சு? எது பருவத்துக்குள் பிடித்தது, எது வெளியே? பத்து லட்சம் வெள்ளி அபராதம் போடுகிற சட்டம், ஒரு கத்தி விரல்களை வெட்டும் நொடியில் கண் தெரியாமல் நின்றுவிடுகிறது. மரபணுச் சோதனை செய்யலாம்தான். சாலையோரக் கடைக்குக் காடை பொரியல் தின்ன வருகிற எவன் கையில் ஆய்வுக்கூடம் இருக்கிறது?

அதனால்தான் அபராதத்தை இன்னும் ஏற்று என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அபராதம் போதும். சிறகு விதியை இங்கேயும் தெளிவாக எழுதி, கடை வரைக்கும் கொண்டுவாருங்கள். லைசென்சோடு பிடித்த பறவையா, ஒரு சிறகு இருக்கட்டும். காட்டுப் பறவை எதுவானாலும் சிறகு இல்லாமல் சந்தையிலோ கடையிலோ இருந்தால் அது எந்த வகை என்ற விசாரணையே வேண்டாம், அதுவே குற்றம். பண்ணைக் காடைக்காரருக்கு இதில் கஷ்டம் கிடையாது, அவரிடம் பண்ணை ரசீது இருக்கும். அவர்தான் உண்மையில் சந்தோஷப்பட வேண்டும். அவருடைய சரக்கின் பெயரில் வேறு எதையோ அல்லவா விற்கிறார்கள்.

வேட்டையையே தடை செய்துவிட்டால் என்ன என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆஸ்திரேலியாவிலேயே மேற்கு ஆஸ்திரேலியா 1990இலும், நியூ சவுத் வேல்ஸ் 1995இலும், குயின்ஸ்லாந்து 2005இலும் வாத்து வேட்டைப் பருவத்துக்கு முடிவு கட்டிவிட்டன. விக்டோரியாவில் 2023இல் நாடாளுமன்றக் குழுவே நிறுத்தச் சொன்னது. அரசு கேட்கவில்லை, விதிகளை இறுக்குகிறோம் என்று சொல்லித் தொடர்கிறது. அங்கே யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அங்கே வாத்தும் இல்லை, ஓட்டும் இல்லை. இங்கே கேட்டால், வாத்தைச் சுட வரிசையில் நின்று லைசென்ஸ் எடுக்கிற ஆளைவிட, லைசென்ஸ் என்ற சொல்லே காதில் விழாமல் வலை கட்டுகிற ஆளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தடை போட்டாலும் அவன் வலையைக் கழற்றப் போவதில்லை. அவன் சரக்கு விற்காமல் போனால் கழற்றுவான்.

தீபகற்பத்துப் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களையும் இதில் சேர்த்துத் திட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டுக்குச் சில விலங்குகளைப் பிடிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது, விற்கத்தான் கூடாது. வயிற்றுக்குப் பிடிப்பது ஒன்று, வியாபாரத்துக்குப் பிடிப்பது வேறு. இந்த வித்தியாசத்தைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்துகொண்ட அளவுக்கு நம் வாட்ஸ்அப் குழுக்கள் புரிந்துகொள்ளவில்லை.

வேடந்தாங்கல் நினைவுக்கு வருகிறது. துரைமார்கள் துப்பாக்கியோடு வந்து ஏரியில் கொக்கையும் நாரையையும் சுட்டுத் தள்ள, ஊர்க்காரர்கள் போய்ச் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கிவந்தார்கள். அவர்களும் மகான்கள் இல்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். கணக்குத் தெரிந்தவர்கள். துரை கையில் துப்பாக்கி இருந்த காலத்தில் அந்தக் காகிதத்தை வாங்கியதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

நம் செபராங் பிறைக்கும் துரைகள் உள்ளான் சுட வந்தவர்கள்தான். வடக்கே சைபீரியாவிலிருந்து குளிருக்குத் தப்பி, நம் நெல்வயலில் வந்து இறங்குகிற சின்னப் பறவை உள்ளான், ஆங்கிலத்தில் 'ஸ்னைப்'. வளைந்து வளைந்து பறக்கும், குறி வைப்பது லேசில்லை. மறைந்திருந்து சுடுபவனுக்கு 'ஸ்னைப்பர்' என்று பெயர் வந்ததே, இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்தப் பறவையைச் சுட்ட கதையிலிருந்துதான். என் அப்பாவின் லாஸ்டிக்குக்கு உள்ளான் கிடைத்ததே இல்லை. வயலில் அது கிளம்பிப் பறக்கும்போது கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பார். கெட்ட வார்த்தை ஒன்று சொல்வார், அதை இங்கே எழுத முடியாது.

தெலுக் ஆயர் தாவார் முதல் குவாலா மூடா வரையிலான சேற்றுக் கடற்கரைக்கு இப்போதும் ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. கேமராவோடு வருகிறவர்களில் சீனர் உண்டு, மலாய்க்காரர் உண்டு, நம் ஆட்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். பெட்ரோல் செலவு மட்டும்தான். எது உள்ளான், எது கொக்கு, எது கானாங்கோழி என்று தெரிந்த பிள்ளையை எந்தக் கடைக்காரரும் காடை என்று ஏமாற்ற முடியாது. விக்டோரியாக்காரர்கள் துப்பாக்கி எடுப்பவனுக்கு வைக்கிற தேர்வை நாம் கரண்டி எடுப்பவனுக்கு வைத்தாலே போதும் என்று நினைக்கிறேன்.

போன சனிக்கிழமை அதே கடைக்குத் திரும்பப் போனேன். மச்சானைக் கூட்டிப் போகவில்லை, அவர் வந்தால் சண்டை வரும். "தம்பி, காடை இருக்கா?" என்றேன். இருக்கிறது என்றார். "பொரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சிறகைக் காட்டுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம், "அண்ணே, மீன் இருக்கு, மீன் சாப்பிடுங்க" என்றார்.

மீன் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கொஞ்சம் உப்பு அதிகம்.