புகைக்காத முதியவர்களின் எலும்பு

எலும்புத் தேய்வு, அதாவது எலும்பின் அடர்த்தி குறைந்து அது எளிதில் முறியும் நிலை, என்றாலே அது மாதவிடாய் நின்ற பெண்களின் நோய் என்ற எண்ணம் எங்கள் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் உலகளவில் 50 வயதைக் கடந்த ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எஞ்சிய வாழ்நாளில் எலும்புத் தேய்வினால் முறிவு ஏற்படும் என்று கணிக்கப்பட்டுள்ளது. இடுப்பெலும்பு முறிந்த ஓராண்டுக்குள் இறந்துபோகிறவர்களின் விகிதமும் பெண்களை விட ஆண்களிடமே அதிகம். கிணற்றடியில் வழுக்கி விழுந்த ஐயா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கவலைப்படுகிறோமே தவிர, அந்த எலும்பு அவ்வளவு எளிதில் ஏன் முறிந்தது என்று எவரும் கேட்பதில்லை.

முதுமை, விற்றமின் டி குறைபாடு, நீண்ட காலம் எடுத்த ஸ்டீரொயிட் மருந்துகள் என்று காரணங்கள் பல உண்டு. புகைத்தலும் அவற்றுள் ஒன்று என்பது வைத்தியர்கள் அறிந்ததே. நான் வற்புறுத்த விரும்புவது, வாழ்நாளில் ஒரு சுருட்டைக்கூடத் தொடாமல் பிறருடைய புகையைச் சுவாசித்தே வயதாகிப்போன ஆண்களைப் பற்றியது. நிக்கொட்டின் எலும்பைக் கட்டும் கலங்களின் வேலையைக் குலைப்பதோடு குருதிக் குழாய்களையும் சுருக்குகிறது. புகையிலைச் செடி மண்ணிலுள்ள கட்மியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் இயல்புடையது. புகையோடு உடலுக்குள் போகும் அந்த உலோகம் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கக்கூடியது, அளவு கூடும்போது கல்சியத்தைச் சிறுநீரோடு வெளியேறச் செய்து எலும்பையும் நலிவடையச் செய்கிறது. பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் அளவு குறைவுதான். ஆனால் ஒரே வீட்டில் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழ்பவருக்கு அதைச் சிறிதென்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

தகப்பனுக்கு முன்னால் புகைப்பது மரியாதையில்லை என்பது எங்களிடம் இன்னும் இருக்கும் நல்ல வழக்கம். அதனால் மகன் எழுந்து விறாந்தைக்குப் போகிறார். அங்கே, ஐயா சாய்மனைக் கதிரையில் கிடக்கும் அறையின் யன்னலுக்கு வெளியே, கம்பியில் முழங்கையை ஊன்றியபடி சிகரட்டைப் பற்றவைக்கிறார். இழுத்து விடும் புகையை விட விரலிடுக்கில் கனலும் நுனியிலிருந்து எழும் புகையே சுற்றாடலில் அதிகம் கலக்கிறது, அது எந்த வடிகட்டிக்கு ஊடாகவும் வருவதில்லை. மகன் கண்ணில் படவில்லை, மரியாதை காக்கப்பட்டுவிட்டது. புகை மட்டும் யன்னல் வழியே உள்ளே போகிறது. அந்த மரியாதை படலைக்கு வெளியே போகும் அளவுக்கு நீள வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

சனசமூக நிலையங்களின் நிர்வாகத்தினரிடமும் ஒரு வேண்டுகோள். மூடிய பொது இடங்களில் புகைப்பதை இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரச் சட்டம் தடை செய்கிறது. பத்திரிகை படிக்க வரும் முதியவர்கள் அந்தத் தடையை நினைவூட்டக் கூச்சப்படுவார்கள், ஆகவே தலைவரோ செயலாளரோதான் அதைச் சொல்ல வேண்டும். முறிவோடு வரும் முதியவரிடம் "நீங்கள் புகைப்பீர்களா?" என்று கேட்கும் வைத்தியர்கள், "வீட்டில் யார் புகைக்கிறார்கள்?" என்பதையும் சேர்த்துக் கேட்டு, அந்தப் பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும்.